விளிம்பில் ஏறிய உப்பு

1. நாற்பதில் முப்பத்தேழு

கில்ன் கதவைத் திறந்த ரஹீம் பாய் ஒன்றும் பேசவில்லை. அதுவே கெட்ட சேதி. கில்ன் என்பது எங்கள் சூளை. கேஸில் எரிவது, ஆள் உள்ளே நின்று அடுக்கும் அளவுக்குப் பெரியது. லோடு நல்லபடியாக வெந்து வந்தால் பாய் முதல் கிண்ணத்தை எடுத்து விரலால் சுண்டிப் பார்ப்பார். சத்தம் கணீரென்று வந்ததும், "வாங்க, வாங்க, எல்லாரும் வாங்க" என்று கல்யாண வீட்டுக்காரர் மாதிரி கூப்பிடுவார். அன்று ஒரு கிண்ணத்தை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், கீழே வைத்தார். இன்னொன்றை எடுத்தார். அதையும் கீழே வைத்தார்.

நான் எட்டிப் பார்த்தேன். கிண்ணத்தின் வயிறும் அடியும் அருமையாக இருந்தன. கேட்ட பச்சை கேட்டபடியே வந்திருந்தது. விளிம்பில் மட்டும் மேலே பூசிய கிளேஸ் பிடிக்காமல் சுருண்டு உரிந்து, உள்ளே இருந்த மண் தெரிந்தது. அதில் வாய் வைத்து சூப் குடித்தால் உதடு கிழியும்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வீலில், அதாவது சக்கரத்தில், கிண்ணத்தை யார் போட்டாரோ அவர் தன் குறியைக் கிண்ணத்தின் அடியில் வைக்க வேண்டும். என்னோடு வீலில் உட்காரும் ஏழுமலை அண்ணாத்தவின் குறி ஒரு கோடு, என்னுடையது மூன்று புள்ளி. லோடு இறக்கியதும் நல்லதைத் தனியாகவும் கழிசலைத் தனியாகவும் பிரித்துக் கவிழ்த்து வைப்போம். யார் கை எப்படி என்று அடியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அன்று இறங்கியது நூறு கிண்ணம். கோடு போட்ட அறுபதும் நல்ல பக்கம் போயின. மூன்று புள்ளி வைத்த நாற்பதில் முப்பத்தேழு கழிசலில் விழுந்தன.

சூப்பர்வைசர் பாஸ்கர் சார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்த முப்பத்தேழு பின்பக்கங்களையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஸ்டெல்லா, இன்னாம்மா இது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாதபோது வாயை மூடிக்கொள்ளும் பழக்கமும் அப்போது எனக்கு இல்லை.

2. நான் வீலுக்கு வந்தது

மாமல்லபுரத்துக்கும் சதுரங்கப்பட்டினத்துக்கும் நடுவே, கடற்கரைச் சாலையை ஒட்டி எங்கள் பட்டறை இருக்கிறது. ஓட்டல்களுக்கும் ரிசார்ட்டுகளுக்கும் தட்டு, கிண்ணம், கப் எல்லாம் செய்து கொடுக்கிறோம். சாலையில் போகிறவர்கள் எங்களைப் பார்த்ததும் 'கலை' என்கிறார்கள். வீடியோ எடுக்க வருகிறவர்கள், கண்ணை மூடிக்கொண்டு மண்ணைத் தடவச் சொல்கிறார்கள். கண்ணை மூடினால் எங்கள் பிழைப்பு நாறிவிடும். ஐந்நூற்றைம்பது கிராம் உருண்டை, வாய் பதினேழு சென்டிமீட்டர், உயரம் ஏழு. காய்ந்து வெந்து முடிந்ததும் பதினேழு பதினைந்தாகச் சுருங்கும். கேஜ் என்று ஒரு மூங்கில் குச்சியை வீலுக்குப் பக்கத்தில் நட்டிருப்போம். கிண்ணத்தின் விளிம்பு அந்தக் குச்சி முனையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். முதல் கிண்ணமும் முந்நூறாவது கிண்ணமும் ஒன்றின் மேல் ஒன்று ஆடாமல் உட்கார வேண்டும். எங்கள் கலை அவ்வளவுதான்.

நான் திருக்கழுக்குன்றம் பக்கத்து ஊர்க்காரி. என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். பட்டறையில் மண் செக்ஷனில் சேர்ந்தேன். மண்ணைக் கரைத்து, சலித்து, மில்லில் அரைத்து, காற்றுப் போகப் பிசைந்து, உருண்டை பிடித்து வீல்காரர்களுக்குக் கொடுப்பேன். இப்படி ஏழு வருடம் உருண்டை பிடித்தேன். தராசில் வைக்காமலே ஐந்நூற்றைம்பது கிராம் என் உள்ளங்கைக்குத் தெரியும்.

வீலில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். ஏழுமலை அண்ணாத்த மதுராந்தகம் பக்கம், பானை செய்கிற குடும்பத்திலிருந்து வந்தவர். பெண்கள் வீலில் உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். நான் கேட்டேன்.

"வீலா? உனுக்கா?" என்றார் பாஸ்கர் சார். "மண்ணு யாரு பெசையறது?"

"அத வேற ஆளு பெசையும் சார். நான் பெசஞ்ச மண்ண நானே போட்டா இன்னா தப்பு?"

"போட வருமா?"

"வராது. வர வெச்சிக்கிறேன்."

ஒரு வருடம், தினமும் மதிய இடைவேளையில் சாப்பாட்டை அவசரமாக விழுங்கிவிட்டுப் போய்ப் பழகினேன். எத்தனை கோணல் கிண்ணம் போட்டேனோ, எல்லாவற்றையும் திரும்பக் கரைத்தேன். ஏழுமலை அண்ணாத்த பார்த்துச் சிரிப்பார், ஆனால் தடுத்ததில்லை. கடைசியில் பாஸ்கர் சார் இருபது கிண்ணம் போடச் சொல்லி, அடுக்கிப் பார்த்து, தலையைச் சொறிந்தார்.

"சரி. பின்னாடி கதவாண்ட ஒரு வீலு சும்மா கீது. மூணு மாசம் பாக்குறேன். சரியா வரலன்னா மண்ணுக்கே போயிடணும். அழக் கூடாது."

அழுவதற்கா ஒரு வருடம் மதியச் சாப்பாட்டை விழுங்கினேன்? அந்த மூன்று மாதத்தின் இரண்டாவது மாதத்தில்தான் கோவளம் பக்கத்து ரிசார்ட் ஒன்றுக்கு முந்நூறு சூப் கிண்ணம் ஆர்டர் வந்தது. அண்ணாத்தவுக்கு நூற்றெண்பது, எனக்கு நூற்றிருபது. அவர்களுடைய புது ரெஸ்டாரண்ட் திறக்கும் தேதி முடிவாகியிருந்தது. அதற்கு இருபத்து நான்கு நாள் இருக்கும்போதுதான் ரஹீம் பாய் அந்தக் கதவைத் திறந்தார்.

3. கை நீட்டினேன்

"கிண்ணம் போட்டதுல ஒண்ணும் தப்பில்ல சார்," என்றேன். "கிளேஸ்தான் உரியுது. மண்ணு ஒடைஞ்சிருந்தா என்னக் கேளுங்க."

"அண்ணாத்தவோட கிண்ணத்துக்கும் அதே கிளேஸ்தானம்மா. அது எப்படி நின்னுது?"

அப்போது சொன்னேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

"அவருத காலையில முக்குனாங்க. என்னுத மத்தியானம். மத்தியானம் கலா சரியா கலக்கியிருக்க மாட்டா. அன்னிக்கு அவ பையனுக்கு ஜுரம்னு சீக்கிரம் கெளம்பற அவசரத்துல இருந்தா."

கிளேஸ் என்பது ஒரு மாவுக்கரைசல். ஒருமுறை சுட்ட கிண்ணத்தை அதில் முக்கி எடுத்து மறுபடி சுட்டால் கண்ணாடி மாதிரி மேற்பூச்சு வரும். கரைசலைக் கலக்காமல் விட்டால் சத்தெல்லாம் அடியில் தங்கிவிடும். அதனால் நான் சொன்னது நம்பும்படியாகத்தான் இருந்தது. கெட்டதும் அதனால்தான்.

கலா சதுரங்கப்பட்டினத்துக்காரி. அவள் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். கிளேஸ் செக்ஷனில் அவள் எனக்கு முன்பிருந்தே வேலை பார்க்கிறாள். ஏழு வருடமாக நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். நான் பேசும்போது அவள் ஸ்பாஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயேதான் நின்றாள்.

"நான் கலக்குனேன் சார்," என்றாள்.

"அப்ப எப்படி உரிஞ்சுது?" என்று கேட்டார் பாஸ்கர் சார்.

"எனுக்குத் தெரியல சார். ஆனா கலக்குனேன்."

பாஸ்கர் சாருக்கு மேலே முதலாளியம்மா இருக்கிறார், அவருக்கு மேலே ரிசார்ட்காரர்கள் இருக்கிறார்கள். யாராவது ஒருவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். "இந்த ஆர்டர் முடியற வரைக்கும் நீ வூட்ல இரு கலா. அப்புறம் கூப்புடறேன்," என்றார். அந்த 'அப்புறம்' என்ன என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்படிப் போன இரண்டு பேர் திரும்பி வரவில்லை. கலா ஸ்பாஞ்சைக் கழுவி, பிழிந்து, அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனாள். என் பக்கம் திரும்பவில்லை.

என் வீல் தப்பியது என்று அந்த நேரத்தில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

4. கலாவின் ஸ்பாஞ்ச்

கலா இல்லாததால் அவள் வேலையில் பாதி என் தலையில் விழுந்தது. முதல் சூடு முடிந்து வந்த சாமானுக்கு பிஸ்க் என்று பெயர். பார்க்கச் செங்கல் மாதிரி இருக்கும், தண்ணீரைக் கண்டால் உறிஞ்சும். அந்த உறிஞ்சல்தான் கிளேஸைப் பிடித்து நிறுத்துகிறது. கிளேஸில் முக்குவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஈர ஸ்பாஞ்சால் துடைத்துத் தூசி எடுக்க வேண்டும். என் நாற்பத்தைந்து கிண்ணம் பிஸ்க்காகி நின்றிருந்தன. மறுநாள் காலை கலாவின் ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் கிண்ணத்தைத் துடைத்தேன். வயிற்றில் பட்ட ஈரம் உடனே மறைந்தது. விளிம்பில் பட்ட ஈரம் அப்படியே மினுமினுவென்று நின்றது. தண்ணீர் அதிகமாகிவிட்டதோ என்று பிழிந்துவிட்டுத் திரும்பத் துடைத்தேன். மறுபடியும் நின்றது. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து விளிம்பில் வைத்தேன். மழைக் கோட்டின் மேல் விழுந்த சொட்டு மாதிரி உருண்டு உட்கார்ந்தது.

அண்ணாத்தவின் கிண்ணம் ஒன்றை எடுத்து அதன் விளிம்பில் ஒரு சொட்டு வைத்தேன். வைத்த வேகத்தில் குடித்துவிட்டது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விளிம்பு தண்ணீரே குடிக்கவில்லை என்றால் கிளேஸ் எப்படிப் பிடிக்கும்? கலா அதை நூறு முறை கலக்கினாலும் பிடிக்காது. அப்படியென்றால் தப்பு கிளேஸில் இல்லை. என் கிண்ணத்தில் இருக்கிறது.

எழுந்து காய்கிற ரேக்குக்குப் போனேன். இன்னும் சுடாத என் கிண்ணங்கள் முப்பத்தைந்து அங்கே இருந்தன. எல்லாவற்றின் விளிம்பிலும் மெல்லிய வெள்ளைக் கோடு. அதை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நன்றாகக் காய்ந்துவிட்டது, அதனால் வெளுத்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறேன். இப்போது ஒரு கிண்ணத்தைத் தூக்கி விளிம்பில் நாக்கை வைத்தேன்.

உப்பு.

எங்கள் பட்டறையில் இரண்டு குழாய் உண்டு. முன்பக்கத் தொட்டிக்குக் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்ப் பக்கத்திலிருந்து லாரியில் நல்ல தண்ணீர் வரும். பின்பக்கக் குழாய் போர் தண்ணீர். சித்திரை, வைகாசியில் அதில் உப்பு ஏறிவிடும், சோப்புப் போட்டால் நுரை வராது. "பின்னாடி கொழா கை காலு கழுவ மட்டும்" என்று முதல் நாளே எல்லோருக்கும் சொல்வார்கள். மண் செக்ஷனில் இருந்த ஏழு வருடமும் ஒரு சொட்டு போர் தண்ணீரை மண்ணில் சேர்த்ததில்லை. அதில் நான் அவ்வளவு சுத்தம்.

வீலுக்கு வந்த பிறகு என்ன செய்தேன்? என் வீல் பின்கதவுக்குப் பக்கத்தில். கடல் காற்று நேராக அடிக்கும். மெல்லிய விளிம்பு அடிமண்ணுக்கு முன்னால் காய்ந்து இழுத்துக்கொள்ளும், விரிசல் விடும். உள்ளே உட்கார்ந்திருந்த அண்ணாத்தவுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திவிட்டுப் போய்விடுவார். நான் பழைய வேட்டியைக் கிழித்து, நாடா நாடாவாக ஈரம் செய்து, ஒவ்வொரு கிண்ணத்தின் விளிம்பிலும் சுற்றி வைத்தேன். துணி காயக் காய மறுபடி நனைத்தேன். துணியை நனைக்க முன்பக்கத் தொட்டிக்குப் போகவில்லை. அது பட்டறையின் அந்தக் கோடி. பின்குழாய் எட்டடி தூரத்தில் இருந்தது. அண்ணாத்த ஒரு நாளைக்கு நாற்பது போடுகிறார், நான் முப்பதைத் தொடத் தடுமாறுகிறேன், ஒவ்வொரு நடைக்கும் எனக்கு ஒரு கிண்ணம் குறையும். துணிக்குத்தானே, மண்ணுக்கா ஊற்றுகிறோம் என்று நினைத்தேன்.

மண் துணியிலிருந்த தண்ணீரைக் குடித்தது. காற்று தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை விளிம்பில் விட்டுவிட்டுப் போனது. சூட்டில் அந்த உப்பு உருகி விளிம்பின் துவாரங்களை அடைத்துவிட்டது. முதல் லோடில் மூன்று கிண்ணம் எப்படித் தப்பின என்பதும் அப்போது விளங்கியது. அந்த மூன்றுக்குத் துணி பற்றாமல் போயிருந்தது. அக்கறையாக நான் கவனித்த முப்பத்தேழும் கெட்டுப்போய், கவனிக்காமல் விட்ட மூன்றும் பிழைத்திருந்தன.

5. சாப்பாட்டு நேரத்தில்

ரேக்குக்குப் பக்கத்தில் கவிழ்த்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தேன். சத்தம் போடாமல் துணியை எறிந்துவிட்டு, நாளையிலிருந்து முன்தொட்டித் தண்ணீரைப் பிடித்தால் போதும். அடுத்த லோடு சரியாக வரும். கலா போனாள், லோடு சரியாகிவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள். என் வீல் என்னிடமே இருக்கும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

இப்படி யோசிக்கவே இல்லை என்று சொல்லி நல்ல பெயர் வாங்க எனக்கு ஆசையில்லை. நன்றாகவே யோசித்தேன். ஆனால் நாக்கில் உப்பு இருந்தது. முன்தொட்டித் தண்ணீரில் இரண்டு முறை வாய் கொப்பளித்த பிறகும் இருந்தது. சீ என்று ஆகிவிட்டது எனக்கு. சாப்பாட்டு மணி அடித்ததும் இரண்டு பிஸ்க் கிண்ணமும் ஒரு டம்ளர் தண்ணீரும் எடுத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போனேன். தனியாகச் சொல்லலாமே என்று தோன்றியது. கலாவைச் சொன்னது எல்லோர் முன்னிலையிலும்தானே?

"சார், கிளேஸ் மேல தப்பில்ல. என் மேலதான்," என்று சொல்லிவிட்டு, அண்ணாத்தவின் கிண்ணத்திலும் என் கிண்ணத்திலும் ஒவ்வொரு சொட்டு வைத்துக் காட்டினேன்.

பாஸ்கர் சார் சோற்றுக் கையோடு எழுந்து வந்து பார்த்தார். துணிக் கதையைக் கேட்டதும் முகம் சிவந்தது.

"மொத நாளே சொன்னனா இல்லியா? பின்னாடி கொழா கை காலு கழுவ மட்டும்னு?"

"சொன்னீங்க சார்."

"அப்புறம் இன்னாத்துக்கு?"

"துணிக்குத்தானேன்னு நெனச்சேன் சார்."

"நெனச்சியா? நூத்தி இருவது கிண்ணம் போச்சு, நெனச்சாளாம்!"

ஏழுமலை அண்ணாத்த மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே, "யம்மா, காலு கழுவற தண்ணியிலயா கிண்ணத்துக்குத் தலப்பா கட்ன?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு உரைத்தது, ஆனால் நிற்கத்தான் வேண்டும்.

"வீல வுட்டு எறங்கு," என்றார் பாஸ்கர் சார். "மண்ணுக்கே போ."

"எறங்குறேன் சார். மொதல்ல கலாவக் கூப்புடுங்க. ரெண்டாவது, போனது என் நூத்தி இருவது. அத நானே போட்டுக் குடுத்துட்டு எறங்குறேன். அதுக்கு முன்னாடி எறங்க மாட்டேன்."

"எறங்க மாட்டியா?"

"மாட்டேன் சார். அண்ணாத்த ஒருத்தரே எத்தினி போடுவாரு? அவருக்கே இன்னும் நூத்தி இருவது பாக்கி கீது."

பாஸ்கர் சார் அண்ணாத்தவைப் பார்த்தார். அண்ணாத்த தட்டைப் பார்த்தபடி, "அது சொல்றது சரிதான் சார். நான் மெஷினா இன்னா?" என்றார்.

"அஞ்சு நாளு," என்றார் பாஸ்கர் சார். "அஞ்சு நாள்ல நூத்தி இருவதும் ரேக்குல நிக்கணும். அப்புறம் பேசிக்கலாம்."

6. சதுரங்கப்பட்டினம்

பாஸ்கர் சார் போன் செய்தார், கலா எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் பஸ் பிடித்து நானே போனேன். பழைய டச்சுக் கோட்டையைத் தாண்டி அவள் தெரு. வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கத்தி நின்றது, பிறகு மறுபடி ஓடியது. உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். துணி, குழாய், உப்பு எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் கலக்குனேன்," என்றாள்.

"கலக்குன."

"நான் கலக்காததப் பாத்தியா நீ?"

"பாக்கல."

"பாக்காம சொன்ன."

"ஆமா."

"எம்புள்ள ஜுரத்தயும் இழுத்துச் சொன்ன."

அழுகை வந்தது. அவள் அதைப் பார்த்துக் கரையவில்லை, கரைய வேண்டிய அவசியமும் இல்லை.

"நாளிக்கு வர்றேன்," என்றாள். "உனுக்காவ இல்ல. எனுக்கு வேல வேணும். ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். உன் சாமான நான் தொடமாட்டேன். நீயே தொடைச்சி, நீயே முக்கிக்கோ. உரிஞ்சா யாரையும் கை காட்ட முடியாது பாரு."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

7. நூற்றிருபது

சுட்டதையும் சுடாததையும் சேர்த்துப் பழையதை எல்லாம் உடைத்துப் போட்டேன். சுடாததையாவது திரும்பக் கரைக்கலாம் என்றால் உப்பும் கூடவே கரையும். நானே பிசைந்து, நானே போட்டு, நானே சுத்தியலால் உடைத்த நூற்றுப் பதினேழு. கோபம்தான் வந்தது, என் மேல்தான்.

மறுநாள் காலை முன்தொட்டியிலிருந்து நான்கு வாளித் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் வீலில் உட்கார்ந்தேன். துணிக்குப் பதிலாக வேறு வழி வேண்டுமே. பின்கதவில் சாக்குப் படுதா கட்டினேன். விளிம்பு தன் பாரத்தைத் தாங்கும் பதம் வந்ததும் கிண்ணத்தைக் கவிழ்த்துப் போட்டு, அடிமண்ணைக் காற்றுக்குக் காட்டினேன். இதற்கு ஒவ்வொரு பலகையையும் அரைமணிக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். பதம் தவறினால் விளிம்பு நசுங்கும் அல்லது வெடிக்கும். இரண்டு மூன்று போடுவேன், எழுந்து போய்ப் பலகையைத் தொடுவேன், திரும்ப உட்காருவேன். முதல் நாள் பத்தொன்பதுதான் தேறியது. இரண்டாம் நாள் இருபத்தாறு. மூன்றாம் நாள் கழுத்தும் முதுகும் ஒட்டிக்கொண்டு நிமிர மறுத்தன, ஆனாலும் முப்பது. நான்காம் நாள் இருபத்தெட்டு. ஐந்தாம் நாள் மதியம் கடைசிக் கிண்ணத்தைப் பலகையில் வைத்துவிட்டு எண்ணினேன். நூற்றிருபது. அண்ணாத்த வந்து பலகைக்கு ஒன்றாக எடுத்து அடுக்கிப் பார்த்தார். ஆடவில்லை. "ம்" என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

காய்ந்து பிஸ்க் ஆனதும் ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். நூற்றிருபதும் குடித்தன. பிறகு கிளேஸ் வாளிக்கு முன்னால் நின்றபோதுதான் கலாவின் வேலை என்னவென்று எனக்குத் தெரிந்தது. மூன்று எண்ணும் நேரத்தில் முக்கி எடுக்க வேண்டும். இரண்டில் எடுத்தால் வெளுக்கும், நான்கில் எடுத்தால் வழியும். பக்கத்து மேசையில் கலா அண்ணாத்தவின் கிண்ணங்களைத் துணி அலசுகிற லாவகத்தில் முக்கிக் கொண்டிருந்தாள். மதியத்துக்குள் முடித்துவிட்டாள். நான் அப்போது ஐம்பதைத் தாண்டவில்லை. போகிற போக்கில் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "கையில எண்ணப்பச இருந்தா வெரலு தடம் வுழும்." நான் போய் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தேன்.

கில்ன் திறந்த நாள் ரஹீம் பாய், "வாங்க, வாங்க" என்றார். என்னுடையதில் ஏழு கழிசல், ஏழும் என் முக்கலில் வழிந்தவை. விளிம்பு ஒன்றுகூட உரியவில்லை. அண்ணாத்த எப்போதும் பத்து உபரி போடுவார், கணக்கு நேராகிவிட்டது. லாரி தேதிக்கு முந்தின நாளே கோவளம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை நான் மண் செக்ஷன் வாசலில் போய் நின்றேன். பாஸ்கர் சார் பார்த்துவிட்டு, "இங்க இன்னா பண்ற? வீலு சும்மா ஓடுது, கரண்டு பில் யாரு கட்றது?" என்று கத்தினார். அவ்வளவுதான், பேசிக்கலாம் என்று சொன்ன பேச்சு முடிந்துவிட்டது.

8. கார்த்திகை மழை

கலாவுடன் எதுவும் முடியவில்லை. அவள் சொன்னது சொன்னபடி நின்றாள். ஆறு மாதம் என் சாமானை நானேதான் துடைத்தேன், நானேதான் முக்கினேன். சாப்பாட்டுக்கு அவள் வேறு பக்கம் உட்கார்ந்தாள். நான் போய்க் கெஞ்சவில்லை. கெஞ்சினால் அவள் மன்னித்தாக வேண்டும் என்று ஆகிவிடும், அது இன்னொரு அநியாயம்.

கார்த்திகை மழையில் ஒரு லோடு தட்டு இறங்கியது. மேலெல்லாம் பொரிப்பொரியாக இருந்தது. என் தட்டும் அப்படி, அண்ணாத்தவின் தட்டும் அப்படி. "மண்ணா, கிளேஸா?" என்று பாஸ்கர் சார் கேட்டார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். யாரையாவது கை காட்டுகிறவள் என்று அவ்வளவு பேர் வாங்கியிருந்தேன்.

"மொதல்ல என் பக்கத்தப் பாக்குறேன் சார்," என்று போனேன். மிச்சமிருந்த மண்ணைக் கம்பியால் துண்டு துண்டாக அறுத்துப் பார்த்தேன். இரண்டு தட்டை உடைத்து உடைந்த வாயைத் தடவிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தேன்.

"மண்ணு சுத்தமா கீது சார்."

"அப்ப கிளேஸ்தானே?"

"அது எனுக்குத் தெரியாது சார். நான் பாக்கல."

பிறகு கிளேஸ் மேசையிலிருந்து கலாவின் குரல் வந்தது.

"நான்தான் சார். மழையில பஸ்ஸு லேட்டு. அவசரத்துல கிளேஸ வடிகட்டாம வுட்டுட்டேன்."

பாஸ்கர் சார் கத்தினார். ஆனால் வீட்டுக்குப் போ என்று சொல்லவில்லை. தப்பைத் தானே சொன்னவரிடம் அப்படிச் சொல்ல முடியாது என்று அதற்குள் அவரும் கற்றிருந்தார்.

இன்று அந்தப் பட்டறையில் புரொடக்ஷன் நான் பார்க்கிறேன். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வது இரண்டுதான். லோடு கெட்டால் முதலில் உன் வாளி, உன் துணி, உன் பலகை, இவற்றைப் பார். அடுத்த மேசையைப் பற்றி, கண்ணால் பார்த்ததை மட்டும் சொல். பார்க்காததைச் சொல்லி ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடலாம், ரொம்ப சுலபம். திரும்ப அழைத்து வருவது அப்படியில்லை.

அந்தத் தட்டு விவகாரம் நடந்த மறுநாள் நான் எப்போதும் போல என் கிண்ணங்களோடு கிளேஸ் வாளிக்கு முன்னால் போய் நின்றேன். முதல் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன்.

"தள்ளு," என்றாள் கலா.

"இன்னா?"

"தள்ளுன்றேன். நீ முக்குனா பொழுது போயிடும். பாய் அங்க கத்திக்கினு கீறாரு."

கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கினாள். முக்கி, மூன்று எண்ணி, எடுத்தாள். ஒரு சொட்டு வழியவில்லை. எனக்குக் கண் மறைத்தது. அவள் என்னைப் பார்க்காமலே வெறும் கையை நீட்டினாள்.

"நின்னுகினே இருந்தா எப்படி? அடுத்ததக் குடு."

கொடுத்தேன்.